பாட்டாவின் நட்சத்திரமும் பாட்டியின் மரச்சீனியும்

குமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய பாட்டா இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போய் வந்தவர் என்று வீட்டில் பேச்சு. 1984-ல் இறந்துவிட்டார். மிச்சம் இருப்பது ஒரு டிரங்குப் பெட்டியும், அதற்குள் ஆறு முனையுள்ள பித்தளை நிற நட்சத்திரம் ஒன்றும். மனிதர் இருந்தவரை போரைப் பற்றி வாயே திறந்ததில்லை. அவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று இப்போது கண்டுபிடிக்க முடியுமா? ஏன் பேசாமலே போனார்? முப்பது வருஷமாகப் போரையே படிக்கிறீர்களே, உங்கள் வீட்டில் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? கேள்வி மூன்று. மூன்றாவதை இதுவரை வெளியாள் யாரும் கேட்டதில்லை. என் மனைவி மட்டும் அடிக்கடி கேட்பாள்.

முதலில் நட்சத்திரம். அதைக் கையில் எடுத்து நடுவில் பாருங்கள். கிரீடத்துக்குக் கீழே ஜி.ஆர்.ஐ. என்ற ஆங்கில எழுத்துகள் பின்னிக் கிடக்கும். அது ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முத்திரை. அதைச் சுற்றிய வளையத்தில் எந்த நட்சத்திரம் என்று எழுதியிருக்கும். அந்தப் போருக்கு வெள்ளைக்காரன் கொடுத்த நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே அச்சு, ஒரே உலோகம். வளையத்தில் உள்ள பெயரும் நாடாவின் நிறமும்தான் மாறும். பர்மா ஸ்டார் என்றால் நாடாவின் நடுவில் அகலமான சிவப்பு, இரு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு. நாடா இற்றுப் போயிருந்தாலும் பெட்டியின் மூலையில் நூல் கிடக்கும், தட்டிக் கொட்டிவிடாதீர்கள்.

ஆனால் ஒன்று. பர்மா ஸ்டார் என்றே இருந்தாலும், அவர் பர்மாவில் கால் வைத்தார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை பர்மாவில் இருந்தவர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். 1942 மே மாதத் தொடக்கத்திலிருந்து வங்காளத்திலும் அசாமிலும் போர்ப் பணியில் இருந்தவர்களுக்கும் கொடுத்தார்கள். சண்டை நடந்த கோஹிமா மேட்டில் பதுங்குகுழியில் கிடந்தவருக்கும், அதற்குப் பின்னால் திமாப்பூரில் லாரியில் அரிசி மூட்டை ஏற்றியவருக்கும் ஒரே நட்சத்திரம்தான். நம் பக்கத்து ஆட்களில் நிறையப் பேர் டிரைவர், சமையல், குமாஸ்தா, ஆஸ்பத்திரி உதவியாள், பாலம் போடுகிறவர், சிக்னல்காரர். உங்கள் பாட்டாவும் அப்படி இருந்தால் ஏமாந்துபோகாதீர்கள். 1944-ல் கோஹிமாவிலும் இம்பாலிலும் ஜப்பான்காரன் தோற்றதற்குப் பாதிக் காரணம் அவனிடம் அரிசி தீர்ந்துபோனதுதான்.

முதல் உலகப் போரின் பதக்கமாக இருந்தால் விளிம்பில் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் வெட்டியிருக்கும். இரண்டாம் போருடையதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அதனால் அடுத்து பார்க்க வேண்டியது பெட்டியை. பட்டாளத்துப் பெட்டிகளின் மூடியில் வெள்ளைப் பெயின்டால் எண்ணும் பெயரும் எழுதுவது வழக்கம். பல வீடுகளில் பிற்பாடு ஏதாவது ஒரு கல்யாணத்தின்போது அதன்மேல் பச்சையோ நீலமோ அடித்துவிடுவார்கள். கவலை வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை மூடியோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள்; பழைய எழுத்து மேடு தட்டித் தெரியும். விளவங்கோடு தாலுகாவில் ஒரு வீட்டில் நல்லமிளகு போட்டு வைத்திருந்த பெட்டியில் எனக்கு அப்படித்தான் ஓர் எண் கிடைத்தது. அந்த வீட்டுக்காரர் முப்பது வருஷமாக அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டியிருக்கிறார்.

எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனி ஆவண அலுவலகம் உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படை, சர்வீஸ் கோர், பயனியர் என்றால் பெங்களூரு. சிக்னல்ஸ் ஜபல்பூர், மருத்துவப் பிரிவு லக்னோ. உறவுமுறைச் சான்றோடு எழுதிக் கேட்கலாம். பதில் வர மாதங்கள் ஆகும், சில நேரம் வராமலும் போகும். பிரிவினையின்போது சில பிரிவுகளின் காகிதங்கள் பாகிஸ்தானுக்குப் போய்விட்டன.

அதைவிடப் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது: நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம். போருக்காக மட்டும் சேர்ந்தவர்களை 1945, 46-ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வூதியம் கிடைக்கிற அளவுக்கு அவர்களுக்குச் சர்வீஸ் இல்லை. பிற்காலத்தில் அப்படிப்பட்டவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மாநில அரசு மாத உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. உங்கள் பாட்டி அதற்கு எப்போதாவது மனுப் போட்டிருந்தால், படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல் அந்த ஃபைலில் இருக்க வேண்டும். நான் பார்த்தவரை பாட்டாமார்களின் கதை பாட்டிமார்களின் மனுவில்தான் பத்திரமாக இருக்கிறது.

லண்டனில் எல்லாம் இருக்கிறது, பணம் கட்டினால் எடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே இருப்பவை பெரும்பாலும் அதிகாரிகளின் கோப்புகள், சிப்பாய்களுடையது அல்ல. ஆனால் அவருடைய யூனிட் எதுவென்று தெரிந்த பிறகு லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசை உதவும். தென்கிழக்கு ஆசியாவில் இருந்த யூனிட்களின் போர் நாட்குறிப்பு அது. 'காலை மழை, பாதை மூடிவிட்டது, நான்கு கோவேறு கழுதை போய்விட்டது' என்கிற மாதிரி போகும். அதில் உங்கள் பாட்டாவின் பெயர் இருக்காது, அவர் நனைந்த மழை இருக்கும்.

இன்னொன்று, வெளியூர்க்காரர்கள் இதில்தான் தடுக்கி விழுவார்கள். 1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டம் மதராஸ் மாகாணத்தில் இல்லை. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் போர்க்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானம். ஆகவே கன்னியாகுமரி என்றோ தமிழ்நாடு என்றோ தேடாமல் திருவிதாங்கூர் என்று தேடுங்கள். பெயரையும் அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பான். ஞானமுத்து என்ற ஒரே பெயரை நான் ஐந்து எழுத்துக்கூட்டலில் பார்த்திருக்கிறேன். பாட்டாவோடு போய்த் திரும்பாத கூட்டாளி யாராவது இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பாருங்கள். 1947 கடைசி வரை இறந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். ரங்கூனுக்கு வெளியே தௌக்கியானில் உள்ள நினைவுத் தூண்களில் மட்டும் ஏறத்தாழ 27,000 பெயர். உடல் கிடைக்காதவர்கள் அவர்கள். அந்தத் தூண்களில் நம் பக்கத்துப் பெயரைத் தேடிப் படிக்கிறபோது கண் சும்மா இருக்காது, சொல்லிவிடுகிறேன்.

சரி, ஏன் பேசவில்லை?

'கொடுமையைப் பார்த்தார், அதனால் ஊமையாகிவிட்டார்' என்று சொல்லி முடித்துவிடலாம். சிலருக்கு அது உண்மையும்கூட. ஆனால் எங்கள் ஊர்களில் நான் கேட்டுப் பார்த்ததில் வேறு காரணங்களும் இருந்தன. முதலாவது, கேட்க ஆள் இல்லை. 1946-ல் அவர் திரும்பி வந்தபோது ஊரே சுதந்திரம் வரப்போகிறது என்று பேசிக்கொண்டிருக்கிறது. வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்தவன் கதையை யார் கேட்பார்? எதிர்ப்பக்கம் நேதாஜியின் படை. அதில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். இம்பால் பக்கம் இரண்டு தரப்பிலும் தமிழன் நின்றிருக்கிறான். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் நின்றவனுக்குக் கிடைத்த மரியாதை இந்தப் பக்கம் நின்றவனுக்குக் கிடைக்கவில்லை. அந்த நட்சத்திரத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு அவர் எங்கே போவார்?

அப்புறம், அவர் எதற்காகப் போனார் என்று பாருங்கள். திருவிதாங்கூரின் சொந்தப் படை நெடுங்காலம் பெயரிலேயே நாயர் படை. மற்றவர்களுக்கு அங்கே இடமில்லை. வெள்ளைக்காரனும் தென்னிந்தியர் போர்க்குலம் அல்ல என்று சொல்லி மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன்களை 1928-க்குள் கலைத்துவிட்டான். 1941, 42-ல் கழுத்தில் கத்தி வந்தபோது அதே ரெஜிமென்ட்டைத் திரும்ப எழுப்பினான். போர் முடிவதற்குள் இந்தியப் படை மொத்தத்தில் 25 லட்சம் பேர் சேர்ந்திருந்தார்கள். மிஷன் பள்ளியில் நாலெழுத்துப் படித்துவிட்டு, பிரிக்க நிலம் இல்லாமல் நின்ற பையன்களுக்குப் பட்டாளம்தான் முதல் சம்பளம். வீரத்துக்குப் போனேன் என்று சொன்னால் பொய், வயிற்றுக்குப் போனேன் என்று சொன்னால் கூச்சம். இரண்டுக்கும் நடுவில் பேசாமல் இருப்பது சுலபம்.

மூன்றாவது காரணம் ஒரு பாட்டி சொன்னது. தக்கலைக்கு மேற்கே ஒரு வீட்டில் அவருடைய கணவரைப் பற்றிக் கேட்கப் போனேன். 'அவிய பர்மாவுல இருந்தாவ, சரி மக்கா. நாங்க இங்க என்ன தின்னோம்னு நீ கேக்கலியே?' என்றார். எனக்கு உறைத்தது அன்றுதான். திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியைத் தானே விளைவிக்கிற நாடு இல்லை. பர்மா அரிசியை நம்பி இருந்த நாடு. 1942 மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தது. அதோடு கப்பல் நின்றது. கணவன் எந்த பர்மாவை மீட்கப் போனானோ அந்த பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி மனைவியின் அடுப்புக்கு வரவில்லை. மூன்று நேரமும் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. அவித்தது, வாட்டியது, காயவைத்து இடித்தது. ரேஷனில் கிடைத்த கொஞ்ச அரிசியைக் குழந்தைகளுக்குக் கஞ்சியாக வைத்துவிட்டு, அந்தப் பாட்டி நான்கு வருஷம் கிழங்கைத் தின்றே கழித்திருக்கிறார். கணவர் திரும்பி வந்த அன்று ஆசையாகக் கிழங்கும் மீனும் கேட்டாராம். 'நான் தட்டை நீக்கி வச்சுட்டு வெளிய போயிட்டேன்' என்றார். இரண்டு பேரும் அதற்குப் பிறகு நாற்பது வருஷம் குடும்பம் நடத்தினார்கள். அவர் பர்மாவைப் பேசவில்லை, இவர் மரச்சீனியைப் பேசவில்லை. யாருடைய போர் பெரியது என்ற வழக்கே வேண்டாம் என்று இருவரும் விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பாட்டியைப் பார்க்கும்வரை நானும் கல்லைத் தேடி அலைகிற ஆள்தான். நம் மாவட்டத்தில் கல்லுக்குக் குறைவில்லை. குளச்சலில் வெற்றித் தூண் இருக்கிறது. 1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கம்பெனியை முறியடித்ததற்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்கள் ஜூலை 31-ல் வந்து மலர்வளையம் வைப்பார்கள். போர் நடந்த நாள் புத்தகங்களில் ஆகஸ்ட் 10 என்று இருக்கும். ஐரோப்பியரை ஆசியர் வென்ற முதல் போர் என்று மேடையில் முழங்குவார்கள். அது சரியில்லை. 1662-லேயே தைவானில் டச்சுக்காரர்களை ஒரு சீனத் தளபதி கோட்டையோடு பிடுங்கி எறிந்திருக்கிறார். குளச்சலின் பெருமை அதனால் குறையாது. அங்கே பிடிபட்ட டச்சுக் கம்பெனி ஆள் டிலனாய் திருவிதாங்கூரின் வலிய கப்பித்தானாகி, அதாவது பெரிய தளபதியாகி, முப்பத்தைந்து வருஷம் நமக்குக் கோட்டை கட்டி, படைக்குப் பயிற்சி கொடுத்தானே, உலகத்தில் எங்கே நடக்கும்?

அவன் கல்லறை புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் கூரை போன தேவாலயத்தில் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும். கல்யாணமான புதிதில் மனைவியை அங்கேதான் கூட்டிப்போனேன். மற்றவர்கள் திற்பரப்பு அருவிக்குப் போவார்கள். நான் நோட்டை எடுத்து கல்வெட்டைப் படி எடுத்துக்கொண்டிருந்தேன். 1777, வலிய கப்பித்தான், இன்ன இன்ன போர். அவள் பக்கத்துக் கல்லறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்று அவன் மனைவி, ஒன்று மகன். மகன் 1765-ல் களக்காட்டுச் சண்டையில் செத்தவன், இளம் வயது. 'இவனைக் களக்காட்டிலிருந்து யார் கொண்டுவந்தா? அம்மைகிட்ட யார் சொன்னா?' என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடி எடுத்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை. மகனுக்குப் பின் அந்த மனிதன் பன்னிரண்டு வருஷம் இருந்திருக்கிறான். அந்த வருஷங்களில் அவன் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்பது எந்தக் கல்லிலும் இல்லை.

நம் ஊர்க்காரர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. நாகர்கோவிலை ஒட்டிய கணியாகுளத்தில், குளச்சலுக்கு நூறு வருஷம் முன்னால், திருமலை நாயக்கரின் படையோடு நடந்த சண்டையில் இரவிக்குட்டிப் பிள்ளை மாண்டார். அது தோல்வி. அதற்குத் தூணில்லை, கதைப்பாட்டு இருக்கிறது. அதில் கேட்கிறவர்கள் காத்திருக்கிற இடம் சண்டை அல்ல. புறப்படும் முன் தாயும் மனைவியும் கெட்ட கனவு கண்டோம், போகாதே என்று தடுக்கிற இடம்தான். வில்லுப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்கள் அங்கே சேலைத் தலைப்பை எடுப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். வெட்டுப்பட்டுச் செத்தவனை வாதை என்ற சிறுதெய்வமாக்கி, ஓரமாய்ப் பீடம் வைத்து, வருஷா வருஷம் கொடைவிழா எடுக்கிற ஊர் இது. செத்தவனைச் சும்மா விட்டால் வீட்டுக்குள் வந்துவிடுவான் என்று நம் ஆட்களுக்குத் தெரியும்.

சும்மா விட்டதும் உண்டு. இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படையைச் சொல்கிறேன். 1987 முதல் 1990 வரை. அங்கே செத்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர். கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது மாநில முதல்வர் வரவேற்கப் போகவில்லை. அந்த அரசியலின் நியாயம் அநியாயத்துக்குள் நான் இறங்கவில்லை. என் சித்தப்பா மகன் ஒருவன் அதில் போய்வந்தான். எதிரில் இருந்தவன் தமிழில் கத்தினான், அவனைத் தமிழில் சுட்டோம் என்று ஒரே ஒரு முறை குடித்திருந்தபோது சொன்னான். காலையில், நேத்து ஏதாவது உளறினேனா என்று கேட்டான். இல்லை என்றேன். அவர்களுக்கு முதலில் பெரிய நினைவுச் சின்னம் எழுந்தது கொழும்பை ஒட்டி, இலங்கை நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில். டெல்லியில் தேசியப் போர் நினைவிடம் திறந்தது 2019-ல்தான். அங்கே கருங்கல் பலகைகளில் பெயர் இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று அவனைக் கேட்டேன். 'உயிரோட வந்தவன் பேரு அங்க இருக்காதே அண்ணா' என்றான்.

இனி என் வீடு. அப்பா மெட்ராஸ் சேப்பர்ஸில் இருந்தார். கடிதத்தின் மேல் 56 ஏ.பி.ஓ. என்று பட்டாளத் தபால் நிலையத்தின் முகவரி மட்டும் இருக்கும். அது ஒரு ஊர் என்றே சின்ன வயதில் நினைத்தேன். பஞ்சாபில் இருந்தாலும் அசாமில் இருந்தாலும் அதே ஊர்தான். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா ரேடியோவைத் திருவனந்தபுரத்துக்கு ஒரு முறை, திருநெல்வேலிக்கு ஒரு முறை திருப்பி, மலையாளத்திலும் தமிழிலும் ஒரே செய்தியைக் கேட்பாள். ஒன்றில் விட்டதை இன்னொன்றில் சொல்வார்கள் என்று நினைப்பு.

அப்பா போரைப் பற்றிப் பேசியதே இல்லை. அம்மா இறந்த பிறகு அடுக்களைச் சுவரில் இருந்த கம்பியை எடுத்தேன். கரண்ட் பில், உரக்கடைச் சீட்டு எல்லாம் குத்தி வைக்கிற கம்பி. அடியில் மணியார்டர் சிலிப்புகள். பணம் அனுப்புகிறவர் இரண்டு வரி எழுத அதில் இடம் இருக்கும். 1971 அக்டோபர்: 'நலம். தென்னைக்கு உப்பு போடவும்.' அடுத்த சிலிப் 1972 பிப்ரவரி: 'நலம். ஓடு மாற்ற வேண்டாம், வந்து பார்க்கிறேன்.' நடுவில் மூன்று மாதம் இல்லை. அந்தப் போரைப் பற்றி நான் எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறேன். டாக்கா விழுந்த அன்று எங்கள் வீட்டில் பணம் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த மூன்று மாதம் அம்மா எப்படி ஓட்டினாள் என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன். இரண்டு தென்னையை வெட்டி விற்றாளாம். அப்பா வந்து எண்ணிப் பார்த்திருப்பார், ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்.

என் மனைவியின் குறை இதுதான்: செத்தவர்களின் தேதியெல்லாம் உனக்குத் தெரியும், உயிரோடிருக்கிறவர்களின் பிறந்தநாள் தெரியாது. உண்மைதான். மகளின் நிச்சயத்துக்குக் குறித்த நாளைக் கேட்டதும், அது கோஹிமா முற்றுகை தொடங்கிய நாள் என்று சம்பந்தி வீட்டார் முன்னாலேயே சொல்லிவிட்டேன். நாளை மாற்றினார்கள்.

உங்களுக்கு வருகிறேன். உங்கள் மாமி, அப்பாவின் அக்கா, தொண்ணூறு வயதில் நினைவோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். 1946-ல் அவருக்குப் பத்து வயது இருந்திருக்கும். வெலிங்டனுக்கு எழுதும் முன் அவரிடம் போங்கள். பாட்டா எந்தச் சண்டையில் இருந்தார் என்று கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாது. பாட்டா வந்து சேர்ந்த அன்று என்ன கொண்டுவந்தார், முதலில் யாரைத் தூக்கினார், ராத்திரி எங்கே படுத்தார், எதைச் சாப்பிட மாட்டேன் என்றார் என்று கேளுங்கள். போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். பெட்டியை அவர் முன்னாலேயே திறங்கள்; வாசனை வந்தால் மாமிக்குப் பேச்சு வரும். உள்ளே உள்ள காகிதத்தை விரிக்க அவசரப்படாதீர்கள், மடிப்பில் கிழியும். நட்சத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். எண் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். மணியார்டர் சிலிப் ஏதாவது கிடந்தால் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள்.